நீரில் நின்ற செடி ஏன் வாடியது?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பொங்கல் விடுமுறையில் என் தமக்கை மகளை அழைத்துக்கொண்டு பிச்சாவரம் போயிருந்தேன். சிதம்பரத்திலிருந்து கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில், வெள்ளாற்றின் கழிமுகத்திற்கும் கொள்ளிடத்தின் கழிமுகத்திற்கும் இடையே இருக்கிறது அந்தச் சதுப்புக் காடு. துடுப்புப் படகு ஒரு குறுகிய ஓடைக்குள் நுழைந்தது. இரு கரையிலும் சுரபுன்னை மரங்கள். வில்போல் வளைந்த வேர்களைச் சேற்றில் ஊன்றிக்கொண்டு, கால்களை அகட்டி நிற்பவைபோல நின்றன. சிறிது உள்ளே வெண்கண்டல் மரங்கள். அவற்றின் அடியில் சேற்றுக்கு மேலே விரல் நீளத்தில், பென்சில் நட்டு வைத்ததுபோல் ஆயிரக்கணக்கான வேர்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "மாமா, என் செடி தண்ணியில நின்னு செத்துப் போச்சு. இந்த மரமெல்லாம் மட்டும் எப்படி நிக்குது?"

அவள் செடியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிச் சுற்றுலாவாக ஊட்டிக்குப் போனவள் ஒரு ஸ்ட்ராபெரி நாற்று வாங்கி வந்தாள். 'மண்ணில்லாமல் வளர்க்கலாம்' என்று எங்கோ பார்த்திருக்கிறாள். வேரிலிருந்த மண்ணை அலசி எடுத்துவிட்டு, ஒரு கண்ணாடிப் புட்டியில் கழுத்துவரை கிணற்று நீரை நிரப்பிச் செடியை அதில் நிறுத்தினாள். உரமாக ஒரு சிட்டிகை யூரியா. புட்டியை வெயில்படும் சன்னலில் வைத்தாள். நீர் குறையக் குறைய ஊற்றி வந்தாள். பத்தே நாளில் இலைகள் துவண்டு தொங்கின. இரண்டு வாரத்தில் செடி போய்விட்டது.

தண்ணீர் இல்லாமல் செடி வாடுவதை நாம் எல்லாரும் அறிவோம். தண்ணீரில் நின்றுகொண்டே ஒரு செடி வாடுமா? வாடும். அது ஏன் என்று தேடினால் மண் என்ன செய்கிறது, மண்ணில்லா வேளாண்மை என்ன செய்கிறது, பிச்சாவரத்து மரம் என்ன செய்கிறது என்ற மூன்றுமே விளங்கிவிடும்.

வேருக்கும் மூச்சு உண்டு

இலை பகலில் உணவு தயாரிக்கும்போது ஆக்சிஜனை வெளியிடுகிறது என்று படித்திருக்கிறீர்கள். வேர் இருட்டில் இருக்கிறது. அது உணவு தயாரிப்பதில்லை. இலையிலிருந்து வரும் சர்க்கரையை ஆக்சிஜனின் துணையால் எரித்து ஆற்றல் பெறுகிறது. அந்த ஆற்றல்தான் வேரை உயிரோடு வைத்து, சத்து உப்புகளை உள்ளே இழுக்க உதவுகிறது. ஆக்சிஜன் நின்றால் வேரின் வேலை நிற்கும். நீரை உறிஞ்சும் திறனும் குன்றும். இலையோ வெயிலில் நீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்கும். எனவே சுற்றிலும் தண்ணீர் இருந்தும் செடி தாகத்தால் வாடும்.

நல்ல தோட்ட மண்ணில் பாதி அளவுதான் திடப் பொருள். மறு பாதி சிறு சிறு இடைவெளிகள். அவற்றில் கொஞ்சம் நீரும் கொஞ்சம் காற்றும் இருக்கும். தண்ணீரில் நிலைமை வேறு. ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 25 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு லிட்டர் நன்னீரில் கரைந்திருக்கக் கூடியது 8 மில்லிகிராம் அளவுதான். அதுவும் ஆக்சிஜன் நீருக்குள் பரவும் வேகம் காற்றில் பரவுவதைப்போல் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அசையாத நீரில் வேர் தன் அருகிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டால் அடுத்தது வந்து சேர வெகுநேரம் ஆகும். ஆக, முதல் குற்றவாளி கழுத்துவரை நிரம்பிய அந்தப் புட்டிதான்.

பிச்சாவரத்துச் சேற்றில் ஆக்சிஜன் இன்னும் குறைவு. மேல் தோலைத் தாண்டினால் அனேகமாக இல்லை. கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வீசும். அங்கே மரம் நிற்பது எப்படி? அந்தப் 'பென்சில்'களை மறுபடி பாருங்கள். அவை சுவாச வேர்கள். அவற்றின் பட்டையில் நுண்ணிய துளைகள் உண்டு. உள்ளே பஞ்சுபோன்ற திசுவில் காற்றுப் பாதைகள். கடல் வற்றும்போது காற்று அவற்றின் வழியாகச் சேற்றினுள் இருக்கும் வேர்களுக்கு இறங்குகிறது. சுரபுன்னையின் வளைந்த முட்டு வேர்களிலும் இப்படித் துளைகள் உண்டு. 1955ல் ஷோலாண்டர் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் இவ்வகை வேர்களின் துளைகளை மசகு தடவி அடைத்துப் பார்த்தார்கள். நிலத்தடி வேருக்குள் இருந்த காற்றில் 15 விழுக்காட்டுக்கும் மேல் இருந்த ஆக்சிஜன் இரண்டே நாளில் 2 விழுக்காட்டுக்குக் கீழே போய்விட்டது!

நம் வயல்களில் நிற்கும் நெல்லும் இந்தக் கெட்டிக்காரக் கூட்டத்தைச் சேர்ந்ததே. நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்றுக் குழாய்கள் ஓடுகின்றன. பாவம், ஸ்ட்ராபெரிக்கு அப்படிப்பட்ட ஏற்பாடு கிடையாது. அதன் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் முதல் 15 சென்டிமீட்டருக்குள்ளேயே, காற்றை ஒட்டியே பரவும். மகாராஷ்டிரத்தில் மகாபலேசுவரம் மலைப்பகுதியில் ஸ்ட்ராபெரியை ஏராளமாகப் பயிரிடுகிறார்கள். அங்கே செடிகளை மேட்டுப்பாத்தி பிடித்து நடுவதன் காரணங்களுள் ஒன்று, மழை நீர் வேரடியில் தங்காமல் வடிய வேண்டும் என்பதே.

ஒரு புதினாக் கொத்தில் தொடங்கிய கதை

மண்ணில்லாமல் செடி வளர்ப்பது நேற்று வந்த எண்ணம் அன்று. 1699ல் ஜான் உட்வர்டு என்ற ஆங்கிலேயர் புதினா இனத்துச் செடிகளை மழை நீரிலும், தேம்ஸ் ஆற்று நீரிலும், தோட்ட மண் கலக்கிய நீரிலும் வளர்த்து எடை பார்த்தார். மண் கலந்த நீரில்தான் வளர்ச்சி அதிகம். செடியின் உடல் நீரால் அன்று, மண்ணால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். சோதனை சரி, முடிவில்தான் பிழை. செடி மண்ணைத் தின்னவில்லை. மண்ணிலிருந்து நீரில் கரைந்த சில உப்புகளையே எடுத்துக்கொண்டது.

எந்தெந்த உப்புகள் என்பதை 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மானியரான சாக்சும் நாப்பும் கண்டு சொன்னார்கள். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, கால்சியம், மக்னீசியம், கந்தகம், இரும்பு இவற்றை அளவாகக் கரைத்த நீரிலேயே செடியை வளர்த்துக் காட்டினார்கள். ஆய்வுக்கூடத்து மேசையில் இருந்த இதைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெரிக். 1930களில் அவர் தொட்டிகளில் வளர்த்த தக்காளிக் கொடிகளைப் பறிக்க ஏணி வேண்டியிருந்தது. 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்ற பெயர் 1937ல் அச்சேறியது. பத்திரிகைகள் இனி நிலமே வேண்டாம் என்று எழுதத் தொடங்கின.

அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோக்லண்ட், ஆர்னன் என்ற இருவர் இந்த ஆரவாரத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். நல்ல மண், மணல், சத்து நீர் ஆகிய மூன்றிலும் தக்காளியைப் பக்கத்தில் பக்கத்தில், ஒரே வெளிச்சத்தில் வளர்த்தார்கள். 1938ல் வெளிவந்த அவர்கள் அறிக்கை சொன்னது இதுதான்: நல்ல மண்ணைவிடத் தண்ணீருக்குத் தனியாக எந்த மந்திர சக்தியும் இல்லை. விளைச்சலின் எல்லையை ஒளியும் வெப்பமுமே வகுக்கின்றன. நீரில் வளர்ப்பதானால் வேருக்குக் காற்றூட்ட வேண்டும் என்பதையும் எழுதி வைத்தார்கள். அவர்கள் வகுத்த சத்துக் கரைசல் இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் பயன்படுகிறது. வியப்பை மட்டும் பரப்புகிறவர்கள் இந்த அறிக்கையை ஒருமுறை படித்தால் நன்றாயிருக்கும் என்று எனக்குப் படுகிறது.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு பழைய அத்தியாயம் உண்டு. 1946ல் வங்காளத்தின் காலிம்பாங் மலையூரில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் சோதனைகள் தொடங்கினார். விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. தொட்டியில் சரளையும் மணலும் போட்டு, உர உப்புகளைத் தூவி, நீர் தெளித்து வளர்க்கும் எளிய முறை அது. 'வங்காள முறை' என்றே அதற்குப் பெயர் வந்தது. சரளைக்கு இடையே காற்று தானே இருக்கும் என்பதைக் கவனித்தீர்களா?

மண்ணின் சமையற்கட்டு

இரண்டாவது குற்றவாளிக்கு வருவோம். அந்த ஒரு சிட்டிகை யூரியா.

வயலில் இட்ட யூரியாவை வேர் பெரும்பாலும் அப்படியே உண்பதில்லை. மண்ணிலுள்ள நொதியும் நுண்ணுயிரிகளும் அதை முதலில் அம்மோனியமாக்கும். வேறு சில பாக்டீரியாக்கள் அந்த அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கும். பிறகே விருந்து. மண் என்பது செடியின் சமையற்கட்டு. வேரை நன்கு அலசிப் புட்டியில் வைத்த நாளே அவள் சமையற்காரர்களை வெளியே அனுப்பிவிட்டாள்! அதனால்தான் சத்துக் கரைசலில் யூரியாவை நம்புவதில்லை. கால்சியம் நைட்ரேட்டு, பொட்டாசியம் நைட்ரேட்டு என்று சமைத்த உணவாகவே தருகிறார்கள். யூரியாவில் தழைச்சத்து மட்டுமே உண்டு. மற்றச் சத்துகளுக்கு அவள் புட்டியில் வழியே இல்லை.

மண் ஒரு களஞ்சியமும்கூட. களிமண் துகள்களும் மட்கும் சத்துகளைப் பிடித்து வைத்துக்கொண்டு, கேட்கக் கேட்கக் கொடுக்கும். அமிலமோ காரமோ சற்று ஏறினால் தாங்கிக்கொள்ளும். நாலு நாள் நீர் பாய்ச்ச மறந்தாலும் மன்னிக்கும். தண்ணீர் மன்னிக்காது. ஸ்ட்ராபெரிக் கரைசலின் அமில காரக் குறியெண் 5.5க்கும் 6.5க்கும் இடையே இருக்குமாறு அடிக்கடி அளந்து சரிசெய்ய வேண்டும். இங்கிலாந்தில் ஆலன் கூப்பர் உருவாக்கிய முறையில், சாய்வான குழாய்களின் அடியில் சத்து நீர் மெல்லிய படலமாக ஓடிக்கொண்டே இருக்கும். வேரின் கீழ்ப்பகுதி நீரைக் குடிக்கும், மேற்பகுதி காற்றைச் சுவாசிக்கும். அழகான ஏற்பாடு. ஆனால் கோடையில் மின்சாரம் நின்று பம்பு நின்றால் சில மணி நேரத்தில் செடிகள் துவண்டுவிடும். ஒரு செடியின் வேரில் அழுகல் நோய் வந்தால் சுற்றி வரும் நீர் அதை எல்லாச் செடிக்கும் கொண்டு சேர்க்கும்.

உப்புக் கணக்கு

மூன்றாவது குற்றவாளி கிணற்று நீர். கடலோர ஊர்களின் கிணறுகள் பலவற்றில் நீர் சற்றே உவர்க்கும். குடித்துப் பழகிய நாக்குக்குத் தெரியாது, ஸ்ட்ராபெரிக்குத் தெரியும்.

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. நெல், மண் ஈரத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 2 கிராம் உப்பு சேரும்வரை விளைச்சல் குறையாமல் தாங்கும். ஸ்ட்ராபெரியோ ஒரு கிராம்கூடச் சேரும் முன்பே குறையத் தொடங்கிவிடும். உப்புக்கு மிகவும் அஞ்சும் பயிர்களில் இதுவும் ஒன்று. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. நாம் கொடுக்கும் சத்துக் கரைசலும் உப்புக் கரைசல்தான். அதிலேயே லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிராம் உர உப்புகள் இருக்கும். தண்ணீரில் ஏற்கெனவே சோடியமும் குளோரைடும் இருந்தால் உரத்துக்கு இடமே இல்லாமல் போகிறது.

இன்னொரு தந்திரமும் நடக்கிறது. இலை ஆவியாக்குவது தூய நீரை மட்டுமே. வேண்டாத சோடியத்தின் பெரும்பகுதி புட்டியிலேயே தங்கும். குறைந்த நீரைக் கிணற்று நீரால் நிரப்பினால் மேலும் சோடியம் வரும். நாளுக்கு நாள் புட்டி ஒரு சின்ன உப்பளமாகிறது.

இதே தவறு பிச்சாவரத்திலேயே பெரிய அளவில் நடந்தது என்றால் நம்புவீர்களா? ஆங்கிலேயர் காலத்திலிருந்து 1970கள் வரை இக்காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து மரம் எடுத்து வந்தார்கள். வெட்டிய இடத்தில் தானே மீண்டும் முளைக்கும் என்பது கணக்கு. பல இடங்களில் முளைக்கவில்லை. பழி மாடுகளின் மேலும், விறகு எடுக்கும் கிராமத்தார் மேலும் விழுந்தது. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வனத்துறையுடன் சேர்ந்து ஆராய்ந்தபோது வேறு காரணம் வெளிப்பட்டது. நிழலை இழந்த சேறு வெயிலில் காய்ந்து அமுங்கி, நிலம் தட்டுப்போல் குழிந்துவிட்டது. கடல் ஏறும்போது நீர் உள்ளே வரும்; வற்றும்போது வெளியே போக வழியில்லை. தேங்கிய நீர் ஆவியாகும், உப்பு தங்கும். அடுத்த ஏற்றத்தில் இன்னும் கொஞ்சம் உப்பு. கடைசியில் கடல் நீருக்குப் பழகிய கண்டல் நாற்றுக்கே தாங்காத உவர்ப்பு!

வெண்கண்டல் உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே வடிகட்டித் தடுத்துவிடும். தப்பி ஏறியதை இலையிலுள்ள சுரப்பிகள் வழியே வெளியே தள்ளும். அதற்கும் ஒரு எல்லை உண்டல்லவா?

மருந்து மிக எளிமையானது. குழிந்த நிலத்தின் நடுவே ஒரு வாய்க்கால். அதிலிருந்து இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள் போலிருக்கும். முதன்மை வாய்க்காலை இயற்கை ஓடையோடு இணைத்தார்கள். கடல் ஏறும்போது நீர் வந்தது, வற்றும்போது உப்பை வாரிக்கொண்டு போனது. பிறகு நட்ட கன்றுகள் பிழைத்தன. கிராமத்து மக்கள் வாய்க்கால் தோண்டினார்கள், கன்று நட்டார்கள். இன்று படகில் போகிறவர்கள் பார்க்கும் பசுமையில் ஒரு பகுதி அப்படி மீண்டு வந்தது. வாய்க்காலில் வண்டல் படியும். தூர் வாரிக்கொண்டே இருக்க வேண்டும்.

நீர் ஓட வேண்டும். உப்பு தங்கக் கூடாது. வேருக்குக் காற்று வேண்டும். ஆலன் கூப்பரின் குழாய்க்கும் இதுதான் விதி, பிச்சாவரத்து வாய்க்காலுக்கும் இதுதான்.

ஐரோப்பாவுக்குப் போகும் நம் தேங்காய் நார்த்தூள்

'மண்ணில்லா ஸ்ட்ராபெரி' என்றதும் வேர்கள் தண்ணீரில் மிதப்பதாகவே படம் போடுகிறார்கள். உண்மையில் நெதர்லாந்து, இங்கிலாந்து போன்ற நாடுகளில் இடுப்பளவு உயர மேசைகளில் விளையும் ஸ்ட்ராபெரியில் பெரும்பங்கு வளர்வது தேங்காய் நார்த்தூளில்! அதில் நல்ல பங்கு பொள்ளாச்சி வட்டாரத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேறிப் போவது. கயிறு திரித்தபின் வேண்டாத கழிவாகச் சாலையோரம் குவிந்து கிடந்த தூள் அது. தன் எடையைப்போல் எட்டு மடங்கு நீரைப் பிடித்துக்கொண்டும் உள்ளே காற்றுக்கு இடம் வைத்திருக்கும் பொருள். சொட்டு நீர்க் குழாய் வழியே சத்துக் கரைசலைக் கொடுக்கிறார்கள்.

அங்கும் உப்புக் கணக்கு துரத்துகிறது. தேங்காய் மட்டையில் இயல்பாகவே சோடியமும் பொட்டாசியமும் குளோரைடும் அதிகம். நன்னீரில் பலமுறை அலசி, கால்சியம் நைட்ரேட்டுக் கரைசலில் ஊறவைத்துச் சோடியத்தை வெளியேற்றிய பிறகே அது ஸ்ட்ராபெரிக்கு ஏற்றதாகிறது.

அவர்கள் மண்ணை விட்டு மேசைக்கு ஏறியது விளையாட்டுக்காக அன்று. ஒரே நிலத்தில் ஆண்டுதோறும் ஸ்ட்ராபெரி நட்டால் வேரை அழிக்கும் பூஞ்சைகள் மண்ணில் பெருகும். அவற்றைக் கொல்ல மீத்தைல் புரோமைடு என்ற நச்சு வாயுவை மண்ணில் செலுத்தி வந்தார்கள். அந்த வாயு ஓசோன் படலத்தை அரிக்கும் என்பதால் மாண்ட்ரீல் உடன்படிக்கையின்கீழ் வளர்ந்த நாடுகள் 2005க்குள் அதை நிறுத்த வேண்டியதாயிற்று. கலிபோர்னியா ஸ்ட்ராபெரி வயல்களுக்கு மட்டும் 2016 வரை விலக்கு நீண்டது. மேசை முறையில் பூஞ்சை மண்ணும் இல்லை, நாளெல்லாம் குனிந்து பறிக்கும் முதுகுவலியும் இல்லை. இடமும் நீரும் மிச்சம். செலவுதான் அதிகம்.

சிதம்பரத்தில் விளையுமா?

படகிலிருந்து இறங்கும்போது அவள் கேட்ட அடுத்த கேள்வி இது. நான் தயங்கினேன். மண்ணை மாற்றலாம், நீரை மாற்றலாம். வெயிலை என்ன செய்வது? பகலில் 25 டிகிரியைத் தாண்டாமலும் இரவில் நல்ல குளிர்ச்சியும் இருந்தால்தான் ஸ்ட்ராபெரி மகிழ்ச்சியாகப் பூக்கும். நம் கடலோரத்தில் மார்கழி இரவிலேயே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். போதாக்குறைக்கு, நீர் சூடேறினால் அதில் கரையும் ஆக்சிஜனும் குறையும். குளிரூட்டிய அறையும் செயற்கை விளக்கும் வைத்தால் விளையும். அந்தப் பழத்தின் விலையைக் கேட்டால் பசி போய்விடும்.

இருந்தும் அவள் விடவில்லை. நீங்களும் செய்து பார்க்கக்கூடிய எளிய வழி ஒன்றைச் சொன்னேன். ஹவாய்ப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கிராட்கி விளக்கிய முறை அது. பம்பு வேண்டாம், மின்சாரம் வேண்டாம். மூடிய பாத்திரத்தில் சத்துக் கரைசலை வேர் நுனி தொடும் அளவுக்கு விட்டு, செடியை மூடியின் துளையில் நிறுத்த வேண்டும். செடி குடிக்கக் குடிக்க நீர்மட்டம் இறங்கும். மேலே உண்டாகும் வெற்றிடத்தில் ஈரக் காற்று நிற்கும். அதில் தொங்கும் வேர்கள் காற்றை எடுக்கப் பழகிக்கொள்ளும். மீண்டும் கழுத்துவரை நிரப்பினால் அந்த வேர்கள் மூழ்கிக் கெடும். பாத்திரத்தைக் கறுப்புத் தாளால் மூட வேண்டும். இல்லையேல் வெளிச்சம் பட்டுப் பாசி பிடிக்கும். ஸ்ட்ராபெரி என்றால் இலைகள் கிளம்பும் குருத்து நீரைத் தொடவே கூடாது.

முதலில் உட்வர்டைப்போல் புதினாவில் தொடங்குங்கள். ஒரே நீளத்தில் மூன்று தண்டுகள். ஒன்று மழை நீரில், ஒன்று தோட்ட மண்ணை ஊறவைத்து வடிகட்டிய நீரில், ஒன்று கடையில் கிடைக்கும் சத்துக் கரைசலில். வாரம் ஒருமுறை இலைகளை எண்ணிக் குறியுங்கள். காற்றின் வேலையைப் பார்க்கக் காராமணி நாற்று நல்லது. கொதிக்க வைத்து ஆறிய நீரில் ஒன்றை நிறுத்தி, மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம் விடுங்கள். மற்றொன்றைத் திறந்த நீரில் நிறுத்தி, நாள்தோறும் அந்த நீரை உறிஞ்சு குழலால் சற்று நேரம் குமிழியிடச் செய்யுங்கள். இலைகளைக் காலையில் அன்று, நடுப்பகலில் பாருங்கள்.

அவள் சென்ற கார்த்திகையில் மறுபடி ஒரு ஸ்ட்ராபெரி நாற்று நட்டாள். மொட்டை மாடியில் பிடித்த மழை நீர், அலசிய நார்த்தூள், காலை வெயில் மட்டும் படும் இடம். தை மாதம் ஒரு பழம் பழுத்தது. சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிது. எனக்குப் பாதி கொடுத்தாள். நல்ல புளிப்பு.